பிரான்ஸ் அக்காவின் ஆறு

பிரான்ஸில் இருந்துவிட்டுக் கனடாவுக்கு வந்த எங்கள் ஆட்கள் எல்லோரும் பாரிஸைப் பற்றித்தான் கதைப்பார்கள். லாச்சப்பல் தெருவின் தமிழ்க் கடைகள், மெற்றோ ரயில், ஒரு சின்ன அறைக்குள் முறை வைத்துப் படுத்து எழும்பிய கதை. அக்கா மட்டும், "பாரிஸில நான் ரயில் மாறினனான் பிள்ளை, அவ்வளவுதான்" என்று ஒரே வசனத்தில் அந்த நகரத்தை முடித்துவிடுவார். பிறகு ஆற்றுக்கு வந்துவிடுவார்.

அந்த ஆற்றின் பெயர் தொர்தோஞ். கடைசி எழுத்தை மூக்குக்குள் விட்டுவிடுவார். நாங்கள் திருப்பிச் சொன்னால் சிரிப்பார். தெற்குப் பக்கம், பாரிஸிலிருந்து ஒரு பகல் முழுக்கப் போகவேண்டிய தூரத்தில், வால்நட் மரங்களும் மஞ்சள் கல் வீடுகளுமாக ஒரு பள்ளத்தாக்கு. அகதியாகப் போன அக்காவையும் கணவரையும் கைக்குழந்தையாக இருந்த மகனையும் யாரோ அங்கே கொண்டுபோய் விட்டிருந்தார்கள். சில வருடங்கள் அங்கே இருந்திருக்கிறார்கள். அதனால் கனடாவில் நாங்கள் இருந்த மல்வேர்னில், எங்கள் ரவுண்ஹவுஸ் வரிசையில் அவருக்குப் பிரான்ஸ் அக்கா என்று பெயர் விழுந்துவிட்டது. சொந்தப் பெயர் சொல்லி யாரும் அவரைக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

நானும் அக்காவும் ஒரே பக்ரரியில் வேலை செய்தோம். ஷாம்பூப் போத்தல்களைப் பெட்டியில் அடுக்குகிற வேலை. எங்களுக்கு நடுவில் பெல்ற் ஓடிக்கொண்டிருக்கும். சுப்பவைசர் அந்தப் பக்கம் போனதும் அக்கா இரண்டு போத்தல்களை எடுத்து பெல்ற்றின் இரண்டு கரையிலும் நிறுத்துவார்.

"பாரும். இந்தப் பச்சைப் போத்தல் பிரெஞ்சுக்காரன்ர கோட்டை. செங்குத்தான மலை, அதுக்கு மேல. உந்த வெள்ளைப் போத்தல் இங்கிலீஸ்காரன்ர கோட்டை. நடுவில ஓடுறது ஆறு. நூறு வருசமா இவன் அவனுக்கு அடிக்க, அவன் இவனுக்கு அடிக்க. இப்ப போய்ப் பாரும், நடுவால சின்னப் பிள்ளையள் கனோப் படகு விடுதுகள். சிவப்பும் மஞ்சளுமா."

சுப்பவைசரின் தலை தெரிந்தால் இரண்டு கோட்டைகளையும் அப்படியே தூக்கிப் பெட்டிக்குள் போட்டு மூடிவிடுவார்.

அக்கா ஆள் கட்டை. தோள் அகலம். இறந்துபோன கணவரின் தடித்த ஜக்கெற்றைத்தான் பனிக்காலத்தில் போடுவார், கை நீளத்தை இரண்டு மடிப்பு மடித்துவிட்டு. கதைக்கும்போது கை சும்மா இருக்காது. பாறைக்குள்ளே குடைந்து ஆட்கள் வீடு கட்டி இருந்ததைச் சொல்லும்போது கையைக் குழித்துக் காட்டுவார். ஒரு குகைக்குள்ளே பல்லாயிரம் வருடத்துக்கு முந்திய ஆட்கள் மாடும் குதிரையும் மானும் கீறி வைத்திருப்பதைச் சொல்லும்போது விரலால் காற்றில் கீறுவார். "கீறினவன் ஆரெண்டு ஒருத்தருக்கும் தெரியாது. ஆனா அவன் மாட்டை வடிவாத் தெரிஞ்சவன்" என்பார். கனோவைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் இருக்கிற இடத்தில் இருக்கமாட்டார். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில், நிலம் கூட்டுகிற தும்புத்தடியை எடுத்துக் கதிரையில் இருந்தபடி துடுப்புப் போட்டுக் காட்டினார். "கையால இழுக்கக் கூடாது பிள்ளை. இடுப்பால தள்ளோணும். கையால இழுக்கிறவன் பாதி வழியில களைச்சுப் போவான்." பக்கத்து மேசையில் இருந்த பிலிப்பீன்ஸ் பெண்கள் கை தட்டினார்கள்.

இந்தக் கதைகளை மட்டும் சொல்லிக்கொண்டு இருந்திருந்தால் நாங்கள் கேட்டுவிட்டு மறந்திருப்போம். அக்கா சும்மா விடமாட்டார். சனிக்கிழமை விடிந்தால் வரிசை வீடுகளுக்கு முன்னால் அவருடைய நீல வான் வந்து நின்று ஹோர்ன் அடிக்கும். ஒரு பக்கக் கதவு திறக்காத பழைய வான். எங்கள் ஆட்களில் பெண்கள் கார் ஓடுவதே அப்போது குறைவு. ஹைவேயில் வான் ஓடுகிற தமிழ்ப் பெண் என்று நான் முதலில் பார்த்தது அவரைத்தான்.

"கால் இருக்கு, கண் இருக்கு. வேற என்ன வேணும்? வாங்கோ" என்று கண்ணாடியை இறக்கிக்கொண்டு கத்துவார்.

கிழமை முழுவதும் இரண்டு வேலை செய்துவிட்டுச் சனிக்கிழமையாவது நித்திரை கொள்வோம் என்று கிடந்தவர்களுக்கு அந்தச் சத்தம் நாராசமாக இருக்கும். என் கணவர் ரவி போர்வையை இழுத்துத் தலைக்கு மேல் மூடுவார். ஆனால் யாராவது இரண்டு வீட்டுப் பிள்ளைகள் சப்பாத்துப் போட்டுக்கொண்டு ஓடிவிடுவார்கள். பிறகு தாய்மார் போகவேண்டும். தாய்மார் போனால் சோறு கட்டவேண்டும். அப்படித்தான் நாங்கள் ரூஜ் ஆற்றுப் பள்ளத்தாக்கில் நடந்தோம், ஸ்காபரோ புளவ்ஸ் என்கிற மண் மலை விளிம்பில் நின்று ஏரியைப் பார்த்தோம். கனடாவில் கட்டடமும் கடையும் வேலையும்தான் இருக்கின்றன என்று நினைத்துக்கொண்டிருந்த எங்களுக்கு, எங்கள் பஸ் போகிற பாலத்துக்குக் கீழேயே ஒரு காடு இருக்கிறது என்று காட்டியவர் அவர்தான்.

ஒரு முறை வசந்தம் தொடங்குகிற காலம். மேற்கே இரண்டு மணித்தியாலம் ஓடி ஒரு பழைய தண்ணீர் ஆலையைப் பார்க்கக் கொண்டுபோனார். அந்தக் காலத்தில் ஆற்றுத் தண்ணீரால் சக்கரம் சுற்றி மா அரைத்த இடம். போய் இறங்கினால் பூட்டு. கோடையில்தான் திறப்பார்களாம். குளிர் காற்று வேறு. பிள்ளைகள் சிணுங்கத் தொடங்கினார்கள். எங்களுக்கு ஆத்திரம்.

அக்கா அசையவில்லை. கட்டடத்தைச் சுற்றிப் போனார். ஒவ்வொரு யன்னலிலும் இரண்டு கையையும் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து, கண்ணாடியில் மூக்கு முட்ட நின்று உள்ளே பார்த்தார். பார்த்துப் பார்த்துச் சொன்னார்: "உள்ளுக்கு ரெண்டு கல்லு. பெரிசு. எங்கட ஆட்டுக்கல்லைப் போல நூறு கல்லுச் சேர்ந்த மாதிரி. ஒண்டுக்கு மேல ஒண்டு. மேல ஒரு பலகைப் பெட்டி. அதுக்குள்ளதான் தானியத்தைக் கொட்டியிருக்கிறாங்கள். பாருங்கோ, மாப் பட்டு வெள்ளையாப் போன சுவர்." அவர் சொல்லச் சொல்ல நாங்களும் யன்னல் யன்னலாக மூக்கை வைத்துப் பார்த்தோம். உள்ளே போயிருந்தால்கூட அவ்வளவு பார்த்திருக்கமாட்டோம். திரும்பி வரும்போது பிள்ளைகள் ஆலை எப்படிச் சுற்றும் என்று சண்டை பிடித்துக்கொண்டு வந்தார்கள்.

எல்லோருக்கும் இது பிடித்தது என்று சொல்லமுடியாது. தொண்ணூற்றைந்தாம் ஆண்டு கடைசியில், ஆமி நெருங்க, யாழ்ப்பாணத்துச் சனம் முழுவதும் ஒரே இரவில் வீடுகளை விட்டு வெளிக்கிட்ட செய்தி வந்த நாட்கள் அவை. எங்கள் வரிசையில் அடுப்பு மூட்டிய வீடுகள் குறைவு. தாய் தகப்பன் எங்கே நிற்கிறார்கள், உயிரோடு இருக்கிறார்களா என்று யாருக்கும் தெரியாது. ரேடியோவுக்குப் பக்கத்திலேயே இருந்தோம்.

அந்தச் சனிக்கிழமையும் ஹோர்ன் சத்தம் கேட்டது. பழக்கத்தில் நானும் இறங்கிப் போய் வானில் ஒரு காலை வைத்துவிட்டேன். அப்போது கடைசி வீட்டிலிருந்து பொன்னையா அங்கிள் வெறும் செருப்போடு வெளியே வந்தார். யாழ்ப்பாணத்துத் தீவுப் பக்கத்து ஆள். கொழும்பில் கடை வைத்திருந்து எண்பத்துமூன்று கலவரத்தில் எல்லாம் எரிந்தபின் வந்தவர். மனைவி இல்லை. மூத்த அக்கா ஒருவர்தான் ஊரில் மிச்சம்.

"தங்கச்சி, உமக்கு வெக்கமாயில்லையே? அங்க சனம் மழைக்குள்ள றோட்டால போகுது. பிள்ளையளத் தூக்கிக்கொண்டு, கிழடுகளை இழுத்துக்கொண்டு போகுது. நீர் இஞ்ச வானில ஆக்களை ஏத்திக்கொண்டு ஆறு பாக்கப் போறீரோ?"

நான் காலைக் கீழே எடுத்துவிட்டேன். அக்கா எஞ்சினை நிற்பாட்டினார்.

"உங்கட அக்கா எங்க அண்ணை?"

"தெரியாது."

"என்ர அம்மாவும் அங்கதான். எனக்கும் தெரியாது." ஸ்ரியரிங்கை இரண்டு கையாலும் பிடித்தார். "கிழமை முழுக்கப் போனுக்கு முன்னால இருந்து பாத்திட்டன் அண்ணை. அது அடிக்கேல்லை. எனக்கு மூச்சு வருகுதில்லை. வீட்டுக்குள்ள இருந்தா நான் செத்துப்போவன். அதுதான் வெளிக்கிட்டனான். வேற ஒண்டும் இல்லை."

அங்கிள் உள்ளே போய்க் கதவை அடித்துச் சாத்தினார். அக்கா தனியாகத்தான் அன்று போனார். எனக்கும் போக மனம் வரவில்லை.

அடுத்த சனிக்கிழமை ஹோர்ன் அடிக்கவில்லை. யன்னலால் பார்த்தேன். அக்கா அங்கிளின் கதவடியில் நின்றார். கையில் ஒரு சோடி பனிச் சப்பாத்து, அது அவருடைய கணவருடையது. என்ன கதைத்தார்கள் என்று தெரியாது. கதவு திறந்தபடியே கன நேரம் நின்றது. பிறகு அங்கிள் அந்தச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வந்து வானின் கடைசிச் சீற்றில், முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டு இருந்தார். நானும் ஓடிப்போய் ஏறினேன். ரூஜ் ஆற்றங்கரையில் இலை உதிர்ந்த மரங்களுக்குக் கீழே நாங்கள் நடந்தோம். அங்கிள் கையைப் பின்னுக்குக் கட்டிக்கொண்டு தண்ணீரைப் பார்த்தபடி நின்றார். போகிற நேரம் வந்தபோது, "தண்ணி நல்ல வேகம்" என்றார். அந்தப் பகலில் அவர் சொன்னது அதுதான்.

மாசி மாதத்தில் அங்கிளுக்குச் செய்தி வந்தது. அவருடைய அக்கா போகிற வழியிலேயே, ஒரு பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் கிடந்து இறந்துவிட்டாராம். அன்று வேலை நாள். பிரான்ஸ் அக்கா வேலைக்குப் போகாமல் அங்கிளைக் கூட்டிக்கொண்டு உறைந்துபோயிருந்த அந்த ஆற்றுக்கே போனதை நான் பிறகுதான் அறிந்தேன். இரண்டு பேரும் கரையோடு நடந்தார்களாம். அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் வானுக்குப் பக்கத்தில் சாப்பாட்டுப் பெட்டியோடு முதல் ஆளாக நிற்பவர் பொன்னையா அங்கிள்தான்.

அக்காவின் கணவர் கனடாவுக்கு வந்து கொஞ்சக் காலத்திலேயே நெஞ்சு வலித்துப் போய்விட்டார். அவரைப் பற்றி அக்கா அதிகம் சொல்வதில்லை. ஆனால் அந்தப் பள்ளத்தாக்கைப் பற்றிக் கதைக்கும்போது 'நான்' வராது. "நாங்கள் பின்னேரத்தில போய் நிப்பம்", "நாங்கள் கோட்டையில லைற் போடுறதைப் பாப்பம்" என்று 'நாங்கள்' தான் வரும். ரவிக்கு அந்தக் கதைகளில் முழு நம்பிக்கை இல்லை. "அகதியாப் போன சனத்தை ஆரப்பா கூப்பிட்டுக் கோட்டை காட்டினது? அக்கா கொஞ்சம் கூட்டித்தான் சொல்லுறா" என்பார். இருக்கலாம் என்று நானும் நினைப்பேன். ஆனாலும் கேட்க ஆசையாக இருக்கும்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு அக்கா மகனோடு வன்கூவருக்குப் போய்விட்டார். சில வருடம் மலைப் படம் போட்ட கார்ட் வந்தது. நாங்களும் வீடு மாறி மில்லிக்கனுக்கு வந்தோம். அந்தத் தொடர்பு எங்கேயோ அறுந்துவிட்டது. அவரை நினைக்கும்போது எனக்கு முன்னுக்கு வருவது அந்த நீல வான் இல்லை. தொண்ணூற்றெட்டாம் ஆண்டுக் கோடையில் நடந்த ஒரு காரியம்.

ரவியின் தம்பிக்குப் பாரிஸில் கல்யாணம். பெண் பக்கத்து உறவு என்பதால் பொன்னையா அங்கிளும் எங்களோடு வெளிக்கிட்டார். அக்காவுக்குக் கல்யாணத்தோடு ஒரு தொடர்பும் இல்லை. கேள்விப்பட்டதும் லீவு எடுத்துவிட்டு வந்து நின்றார். "கல்யாணம் முடியட்டும். பிறகு நான் உங்களை ஆத்துக்குக் கொண்டுபோறன்." அப்போதுதான் அவருக்குக் கனடாப் பாஸ்போர்ட் கிடைத்திருந்தது.

கல்யாணம் முடிந்த மறுநாள் கார் ஒன்று வாடகைக்கு எடுத்து நாலு பேரும் தெற்கே போனோம். அக்காதான் ஓடினார். பின்னேரம் ஒரு மலை வளைவில் காரை நிற்பாட்டினார். கீழே ஆறு. இந்தப் பக்கப் பாறையின் உச்சியில் ஒரு கோட்டை, அந்தப் பக்க மலையில் இன்னொன்று. வால்நட் தோட்டங்கள். மஞ்சள் வெயிலில் மஞ்சள் கல் வீடுகள். பக்ரரிப் பெல்ற் கரையில் அவர் சொன்னதில் ஒன்றும் கூட்டல் இல்லை.

"அப்ப உண்மைதான்" என்றார் ரவி, தனக்குள் சொல்வதுபோல.

அடுத்த நாள் கோட்டைக்கு ஏறினோம். வாசலில் அக்கா தயங்கினார். எந்தப் பக்கத்தால் போவது என்று ரிக்கெற் கொடுக்கிற பெண்ணிடம் கேட்டார். எனக்கு அது கொஞ்சம் விசித்திரமாக இருந்தது. மல்வேர்னில் ஓயாமல் கோட்டைக் கதை சொன்னவர், கோட்டைக்குள்ளே சுவர்களைத் தடவிக்கொண்டு ஒவ்வொரு அறையாகப் போனார். போன அறைக்குள்ளேயே திரும்பவும் போனார். உச்சியில் காற்று ஆளைத் தள்ளியது. நாங்கள் எதிர்க் கோட்டையைப் பார்த்தோம். அவர் நேரே கீழே, ஆற்றங்கரையில் கூடாரங்கள் போட்டிருந்த ஒரு புல் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"உதுதான் காம்பிங், லீவுக்கு வாற ஆக்கள் தங்கிற இடம். நாங்கள் வேலை செய்த இடம்" என்றார்.

பின்னேரம் குகைக்குப் போனோம். வழிகாட்டி கைவிளக்கை அடித்ததும் பாறையில் ஒரு காட்டு மாடு எழும்பி நின்றது. அக்கா என் கையை இறுக்கிப் பிடித்தார். இருட்டில் அவர் பிரெஞ்சில் என்னவோ கேட்க, வழிகாட்டி சிரித்துவிட்டு இன்னொரு முறை விளக்கை அடித்தான்.

மூன்றாம் நாள் காலை கனோ. ஆற்றின் மேல் பக்கத்தில் ஏறினால், இரண்டு கோட்டைகளுக்கும் நடுவால் கீழே போய் இறங்கலாம், அங்கிருந்து கடைக்காரனின் வான் ஏற்றிக்கொண்டு வரும். கூழாங்கல் கரையில் லைஃப் ஜக்கெற்றுகளைத் தந்துவிட்டுக் கடைக்காரன் போய்விட்டான்.

"அக்கா, நீங்கள் முன்னுக்குப் போங்கோ. நாங்கள் உங்களப் பாத்துப் பின்னால வாறம்" என்றார் ரவி.

அக்கா ஜக்கெற்றின் கொக்கியைப் போட முயன்றார். விழவில்லை. திரும்பவும் முயன்றார். அப்படியே கல்லில் இருந்துவிட்டார்.

"எனக்குத் தெரியாது பிள்ளை."

"என்ன தெரியாது அக்கா?"

"கனோ விட. நான் ஒருநாளும் உதில ஏறேல்லை."

ரவி, "அப்ப அந்த இடுப்பால தள்ளுறது..." என்று தொடங்கினார். நான் அவரைப் பார்த்த பார்வையில் நிறுத்திவிட்டார்.

"பாத்தனான். லோண்டரி அறை யன்னலால எல்லாம் தெரியும். ஆர் ஒழுங்கா வலிக்கிறான், ஆர் கவிழப் போறான் எண்டு பாத்தவுடன சொல்லுவன்." தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "கோட்டைக்குள்ளயும் நேற்று வரைக்கும் போனதில்லை. குகைக்குள்ளயும் இல்லை. காம்பிங்குக்கு வந்த ஆக்கள் கதைக்கிறதைக் கேப்பன். பக்கத்தில ஒரு பிரெஞ்சுக் கிழவி சொல்லுவா. நான் உங்களுக்குப் பொய் சொல்லேல்லை பிள்ளை. எல்லாம் பாத்தனான். வெளியில நிண்டு பாத்தனான்."

நான் அக்காவுக்குப் பக்கத்தில் கல்லில் இருந்தேன்.

"எனக்குக் கக்கூசு கழுவுறதும் பெட்சீற் தோய்க்கிறதும். அவருக்குப் புல்லு வெட்டுறது. பின்னேரத்தில கனோவெல்லாத்தையும் தோளில வைச்சு மேல தூக்கிக்கொண்டு வந்து அடுக்கோணும். வேலை செய்யிறாக்கள் பகலில கரைப் பக்கம் நிக்கக் கூடாது எண்டு முதலாளி சொல்லிப்போட்டான். வந்த ஆக்களுக்குப் பாக்க வடிவில்லையாம். அவர் எத்தினை கனோ தூக்கியிருப்பார்! ஒண்டிலயும் இருந்து பாக்கேல்லை. ‘ஒருநாள் நாங்களும் லீவுக்கு வந்த ஆக்களா வந்து ஏறுவம்’ எண்டு சொல்லுவார். பிறகு எங்கட அகதிக் கேஸை நிராகரிச்சுப் போட்டாங்கள். கிடைச்ச வழியால கனடாவுக்கு வந்தம். அவர் போயிட்டார்." ஜக்கெற்றின் நாடாவைச் சுருட்டினார், விரித்தார். "இப்ப வந்து நிக்கிறன். ஏறப் பயமாயிருக்கு."

பொன்னையா அங்கிள் காற்சட்டையை முழங்கால் மட்டும் மடித்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினார். கனோவை ஒரு கையால் பிடித்து ஆட்டிப் பார்த்தார்.

"தங்கச்சி, நான் தீவான். நடை பழகிற வயசிலயே வள்ளத்தில ஏறின ஆள். நீர் முன்னுக்கு இரும். நான் பின்னால இருந்து வலிக்கிறன்."

"கவிண்டா அண்ணை?"

"கவிண்டா நனைவம். எழும்பும்."

நான் அக்காவின் கொக்கியைப் போட்டுவிட்டேன். அங்கிள் கையைக் கொடுத்து ஏற்றினார். கனோ ஒரு பக்கம் சரிய, அக்கா "ஐயோ முருகா" என்று கத்தின கத்தலில் கரையில் நின்ற வாத்துகள் எழும்பிப் பறந்தன. நானும் ரவியும் மற்றக் கனோவில் பின்னால் போனோம்.

முதலில் அக்கா இரண்டு விளிம்பையும் பிடித்தபடி கல்லுப்போல் இருந்தார். ஆறு மெதுவாகத்தான் போனது. அடியில் கிடந்த கூழாங்கற்கள் தெரிந்தன. ஒரு வளைவு திரும்பியதும் கோட்டை தலைக்கு மேலே வந்தது. அடுத்த வளைவில் மற்றக் கோட்டை. அக்கா முகத்தை நிமிர்த்தி இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். ஒரு கையை விளிம்பிலிருந்து எடுத்தார். கொஞ்சம் பொறுத்து மற்றதையும் எடுத்தார். துடுப்பைத் தண்ணீருக்குள் வைத்தார். அங்கிள் பின்னாலிருந்து, "ஓம், அப்பிடித்தான்" என்றார். அக்கா சிரித்த சத்தம் எங்கள் கனோவுக்குக் கேட்டது. சின்னப் பிள்ளையின் சிரிப்பு மாதிரி இருந்தது.

கோட்டைகளைத் தாண்டியதும் வலது கரையில் அந்தப் புல் நிலம் வந்தது. கூடாரங்கள், அவற்றுக்கு மேலே சரிவில் ஒரு நீளத் தகரக் கட்டடம். கட்டடத்துக்குப் பக்கத்தில் கயிறுகள் கட்டி, ஒரு ஆபிரிக்கப் பெண் வெள்ளைப் பெட்சீற்றுகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். இளம் பெண். ஒவ்வொன்றையும் போட்டுவிட்டு ஆற்றைப் பார்த்தாள். பார்த்துவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

அக்கா துடுப்பை நிற்பாட்டினார்.

"அண்ணை, கரைக்கு விடுங்கோ."

"அக்கா, அங்க இறங்கேலாது. போர்ட் போட்டிருக்கு!" என்று ரவி பின்னாலிருந்து கத்தினார்.

அங்கிள் ஏன் என்றும் கேட்கவில்லை. கனோவைத் திருப்பிக் கரையில் முட்டவிட்டார். அக்கா முழங்கால் தண்ணீரில் இறங்கி, நனைந்த காற்சட்டையோடு சரிவில் ஏறினார். பெண் பயந்துபோய்ப் பின்னால் ஒரு அடி வைத்தாள். அக்கா பிரெஞ்சில் கதைத்தார். தகரக் கட்டடத்தைக் காட்டினார், தன் நெஞ்சைக் காட்டினார், ஆற்றைக் காட்டினார். பெண் தலையாட்டி மறுத்தாள். பெட்சீற் கூடையைக் காட்டினாள். அக்கா அவள் கையிலிருந்த பெட்சீற்றை வாங்கிக் கயிற்றில் போட்டார். பிறகு தன்னுடைய லைஃப் ஜக்கெற்றைக் கழற்றி அவளுக்குப் போட்டு, கொக்கிகளை ஒவ்வொன்றாகப் பூட்டினார்.

பெண் சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்தாள். கட்டடத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுச் சரிவில் ஓடி இறங்கினாள். பிரெஞ்சு ஒரு சொல்லும் தெரியாத அங்கிள், முன்சீற்றைத் தட்டிக் காட்டினார். அவள் ஏறிக் குந்தினாள். அங்கிள் ஆற்றின் நடுவுக்குக் கொண்டுபோனார்.

நாங்கள் கரையோடு கனோவை அணைத்துக்கொண்டு இருந்தோம். மேலே அக்கா பெட்சீற் காயப்போட்டுக்கொண்டு நின்றார். வாயில் இரண்டு உடுப்புக் கவ்வி. ஒரு பெட்சீற்றை உதறி, விளிம்பை விளிம்போடு பிடித்து, கயிற்றில் எறிந்து, கவ்வி குத்தி, அடுத்தது. கை மறக்கவில்லை. அந்த நேரம் கட்டடத்துக்குள்ளிருந்து ஒரு தடித்த மனிதன் வெளியே வந்தான். அவன் அக்காவைப் பார்த்து என்னவோ கேட்டான். அக்கா கவ்வியை வாயிலிருந்து எடுத்து, திரும்பாமலே ஒரு வார்த்தை சொன்னார். அவன் உள்ளே போனான். திரும்பி வந்து அவருக்குப் பக்கத்தில் என்னவோ வைத்துவிட்டுப் போய்விட்டான்.

ஆற்றில் அந்தப் பெண் கத்திச் சிரிக்கிற சத்தம் கேட்டது. அங்கிள் அவளிடம் துடுப்பைக் கொடுத்துவிட்டார் போலிருக்கிறது, கனோ ஒரே இடத்தில் வட்டம் சுற்றியது.

அவர்கள் கரைக்கு வந்து, அக்காவும் அந்தப் பெண்ணும் கன்னத்தில் கொஞ்சிக்கொண்டு, நாங்கள் திரும்பவும் வெளிக்கிட்ட பிறகுதான் கேட்டேன். இரண்டு கனோவும் பக்கத்தில் பக்கத்தில் போய்க்கொண்டிருந்தன.

"அந்த ஆள் என்னக்கா கேட்டவன்?"

"புதுசா வேலைக்கு வந்த ஆளோ எண்டு கேட்டான். இல்லை, பழைய ஆள் எண்டனான்."

"அதுக்கு என்ன செய்தவன்?"

"அடுத்த கூடையையும் கொண்டுவந்து வைச்சிட்டுப் போட்டான்" என்றார் அக்கா. "அதையும் போட்டு முடிச்சிட்டுத்தான் வந்தனான்."